பாட்டு டீச்சரை விட்டுவிட்டுத் தாத்தாவிடம் நாயனம் கற்கப் போகலாமா?

ஐந்தரைக் கட்டை கேட்டது:

எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 23. சென்னையில் வாய்ப்பாட்டு கற்கிறேன். பாவாடை சட்டை வயதிலிருந்து ஒரே குரு, மாமி என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவுக்கு வேலை போன வருஷம், மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டு நீட்டினால் "அதை உள்ள வை, சுருதிப் பெட்டியை எடு" என்றார். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு பைசா வாங்கியதில்லை. சரளி வரிசையிலிருந்து ராகம் தானம் பல்லவி வரைக்கும் எனக்கு வந்ததெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வந்ததுதான். இந்த டிசம்பரில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரி, அதையும் அவரே பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு பக்கம், நாங்கள் நாயனக்காரக் குடும்பம், அதாவது நாதசுரம் வாசிக்கிறவர்கள். தாத்தா மன்னார்குடிப் பக்கம் ஒரு கோயிலில் வாசித்தவர், அவர் அப்பாவும் அதே கோயில்தான். அப்பாவுக்கு மட்டும் தாத்தா சொல்லித்தரவே இல்லை. "பந்தி எல்லாம் முடிஞ்சு கடைசியா எலை போடுற பொழப்பு என்னோட போகட்டும்" என்று பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். பேத்தியாவது மேடையில் உட்கார்ந்து பாடட்டும் என்று என்னைப் பாட்டுக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

இப்போது அந்தக் கோயிலில் நாயனமே இல்லை. சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும் அந்த மிஷின் வந்துவிட்டது. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள், என்ன கேட்டாலும் சினிமாப் பாட்டு. தாத்தாவுக்கு முன்பல் போய்விட்டது, ஊத முடியாது. ஆனால் வாயால் எல்லாம் சொல்கிறார். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரிகள், தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, சுவாமி எந்த வீதியில் திரும்பும்போது எந்த ராகம், அப்புறம் ரக்தி என்று ஒன்று, நான் கச்சேரி மேடையில் கேட்டதே கிடையாது. எதுவும் நோட்டில் இல்லை. அவருக்கு 80 ஆகப் போகிறது.

நான் போய் அவரிடம் உட்காரவேண்டும் என்று நினைக்கிறேன். பாட்டை விட்டுவிட்டு, முழுசாக. தாத்தா பாடியதை போனில் பதிந்து மாமிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இந்த சுத்தம் இப்போ யார்கிட்ட இருக்கு" என்றார். அடுத்த மூச்சிலேயே "நீ அதை ஊதிக் குரலைக் கெடுத்துக்காதேடி" என்றார். என் மனசில் ஓடுவது தெரிந்து சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று புரியவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அது தனிக் கதை.

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி உண்டா? இல்லை என்றால் மாமியிடம் எப்படிச் சொல்வது?

சீவாளி எழுதியது:

தங்கச்சி, நான் கும்பகோணம் பக்கம், நாயனம்தான் தொழில். அதனால் தொழில் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் சேர்த்து, ஆரம்பத்தில் முடியாது. குரல் கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் ஆட்களில் அருமையாகப் பாடுகிறவர்கள் நிறைய. நேரமும் மூச்சும்தான் பிரச்சனை. விடியற்காலையில் எழுந்து ஆதார ஷட்ஜத்தை, அடிப்படை 'ஸ'வை, பிடித்து நிற்கவே உதடு வீங்கும். சில நாள் சீவாளியில், அதான் வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டில், ரத்தம் இருக்கும், பயப்படாதே. அதை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் போய் மேல் ஷட்ஜம் பாடு என்றால் நெஞ்சு ஒத்துழைக்காது. இன்னொன்று, உன் பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, உன் காது ஐந்தரைக் கட்டைச் சுருதியில் ஊறியது. பாரி என்கிற நீள நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டை, சுருதி இறங்கியது. தாத்தா பாடுவதும் அங்கேதான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு எல்லாமே பள்ளத்தில் கிடப்பதுபோல் கேட்கும்.

ஆனால் பாட்டை "விட்டுவிட்டு" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீடுகளில் பையன் கையில் குழலைக் கொடுப்பதற்கு முன்னால் பாடத்தான் வைப்பார்கள். வாயில் வராதது விரலில் வராது. ஏழு துளைக்கு விரல், மீதி ஐந்து மெழுகு வைத்துச் சுருதி சரிசெய்ய, அவ்வளவுதான் கருவி. தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு என்று ஒரு துளை கிடையாது, உதடும் மூச்சும் விரலும் சேர்ந்து அதைப் பிடிக்கணும். அது எங்கே இருக்கிறது என்று காதுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே முதலில் வாய்ப்பாட்டுக்காரர், அப்புறம்தான் நாயனம். அந்த மாமி உனக்குக் கொடுத்திருப்பது நாயனத்துக்கான முதல்தான்.

தாத்தா பாடாந்தரம், பரம்பரையாக வந்த பாடமுறை, கொடுப்பார், சந்தேகமில்லை. ஊதலைப் பல் இல்லாதவர் காட்ட முடியாது. எதிரில் உட்கார்ந்து ஊதிக்காட்ட இன்னொருவர் வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரத்துக்கு மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது, வயது வரம்பு உண்டு, உடனே விசாரி. பழனி தேவஸ்தானமே தவிலுக்கும் நாதசுரத்துக்கும் கல்லூரி நடத்துகிறது.

அவசரப்பட்டு நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்குப் போய்ப் புதுசு செய்யக் கொடுத்துவிடாதே. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து நாலு பேர் அங்கே போகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் பழைய வீட்டு உத்தரத்தில் கிடந்து காய்ந்த ஆச்சா மரம் வேண்டும், அது கிடைக்கக் காத்திருக்க வேண்டும். முதலில் தாத்தா பரணில் என்ன வைத்திருக்கிறார் என்று பார். குட்டைக் குழல் திமிரியா, நீளக் குழல் பாரியா என்று சொல்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். மதுரை பொன்னுத்தாய் வாசித்த தொழில் இது. காலீஷாபி அம்மாவுக்கும் அவர் கணவர் ஷேக் மெகபூப் சுபானிக்கும் 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் கைதட்டுவதற்கு முன்னால் ஒருத்தன் தண்ணீர் ஊற்றவேண்டும், அந்த வேலையை நான் செய்கிறேன்.

உங்கள் தாத்தா மகனுக்குச் சொல்லித்தரவில்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை, யோசித்து முடிவெடுத்திருக்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசித்த தலைமுறையின் பிள்ளை அவர், அந்த முடிவுக்கு என்ன விலை கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பா பேசாமல் இருப்பதும் அதனால்தான் இருக்கும். "தனிக் கதை" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கென்னவோ அதுதான் மெயின் கதை என்று படுகிறது.

அடுத்தது, ரத்தத்தில் வருகிறது என்ற பேச்சு. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாடை அடிக்கிறது. ஷேக் சின்ன மௌலானாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் கரவதியில் பிறந்தவர், தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்த குடும்பம். அவருக்கு வேண்டியிருந்தது தஞ்சாவூர் பாணி. அதற்காக நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து கற்றுக்கொண்டார், கடைசியில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். குடும்பச் சொத்து கையில் இருந்தும் குருவைத் தேடி வந்தவர். நீங்கள் நேர் எதிர்த் திசையில் கிளம்புகிறீர்கள்.

அப்புறம் பணம். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. இருக்கிற முகூர்த்தத்திலும் கேரளாவிலிருந்து செண்டை மேளம் இறக்குகிறார்கள், ராத்திரி டிஜே. கோயில் வேலை காலியிடம் எப்போது வரும் என்று கோயிலுக்கே தெரியாது. தாத்தாவை உட்காரவைத்து முழுவதையும் பதிவு செய்யுங்கள், எழுதுங்கள். டிசம்பர் கச்சேரியைப் பாடுங்கள். பாடகியாக இருந்துகொண்டே அந்த மல்லாரிகளை மேடையில் பாடினால் யார் கையைப் பிடிக்கப் போகிறார்கள்?

இணுவில் ஒழுங்கை எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணை சொல்லுறதில பணக் கதை சரி. பதிவு செய்தால் போதும் எண்டதைத்தான் ஏற்க ஏலாது. எங்கட பக்கம் யாழ்ப்பாணத்தில கோயில் திருவிழா எண்டால் இப்பவும் மேளக் கச்சேரியைச் சுத்திச் சனம் இருந்து நடுச்சாமம் தாண்டியும் கேட்கும். நான் அப்பிடிக் கேட்டு வளர்ந்தவன், வாசிக்கத் தெரியாது. மல்லாரி எண்டது தவில் இல்லாமல் பாதிதான். சுவாமி எழும்புறதுக்கு எவ்வளவு நேரம், தூக்கிறவை எங்க தோள் மாத்துவினம், அதுக்கேற்ற மாதிரி எங்க நீட்டிறது, எங்க காலம் மாத்திறது, இதெல்லாம் வீதியில நிண்டு பழகிறது. போனில வராது.

தங்கச்சி, தாத்தாவோட வாசிச்ச தவில்காரர் இருக்கிறாரோ? அவரையும் விசாரியுங்கோ. தாத்தா மறந்ததை அவருடைய கை மறந்திருக்காது.

கூடத்து ஓரம் எழுதியது:

நான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். உன் மாமி இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் என்று வைத்துக்கொள்.

சிஷ்யைகள் போவது எங்களுக்குப் புதுசில்லை. கல்யாணம், அமெரிக்கா, வேறு பெரிய பாட்டுக்காரர், எதற்காவது போவார்கள். போவது வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் அது ஆறிவிடும். ஆறாதது வேறு. முதல் வாரம் ஜுரம், அடுத்த வாரம் சித்தி வந்திருக்கிறாள், அதற்கடுத்து போனை எடுக்கமாட்டாள், கடைசியில் கோயிலில் யாரோ ஒருத்தி "உங்க பொண்ணு இப்போ அங்க கத்துக்கறாளாமே" என்று சொல்லித் தெரியவரும். நீ அதைச் செய்துவிடாதே. வாட்ஸ்அப்பிலும் சொல்லாதே. வெற்றிலை பாக்கு பழம் வாங்கிக்கொண்டு கிளாஸ் இல்லாத நேரத்தில் போ. சபாக்காரர்கள் நிகழ்ச்சி நிரலை அச்சடிப்பதற்கு முன்னால் போ. அந்த இடத்துக்காக மாமி யாரிடமோ தன் வாயால் கேட்டிருக்கிறார், அதைக் கடைசி நேரத்தில் விட்டால் அடுத்த பெண்ணுக்கு அவரால் கேட்கமுடியாது. கச்சேரியைப் பாடிவிட்டே போ.

"மாமி, எது பண்ணலாம்?" என்று ஆரம்பிக்காதே. நீ முடிவெடுத்துவிட்டாய், எழுத்திலேயே தெரிகிறது. முடிவெடுத்துவிட்டு யோசனை கேட்பது பெரியவர்களை ஏமாற்றுகிற காரியம். முடிவைச் சொல், ஆசீர்வாதம் கேள். கோபப்பட்டால் படட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் மாமியின் ஜாதி. எங்கள் வீடுகளில் ராஜரத்தினம் பிள்ளை தோடியை இசைத்தட்டில் கேட்டு உருகுவோம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நாயனம் வாசிக்கும்போது ஒருத்தராவது பேச்சை நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துகிறபோதுதான் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்போம். டிசம்பர் சபாக்களிலும் தொடக்க நாள் மங்கள இசை, கூட்டம் வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். உன் மாமி சொன்ன "குரலைக் கெடுத்துக்காதே"யில் பாசமும் இருக்கும், இதுவும் கொஞ்சம் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முயற்சி பண்ணாதே, அவருக்கே பிரிக்கத் தெரியாது.

ஐந்தரைக் கட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், பழத்தட்டோடுதான்.

கோபப்படவில்லை, அழவும் இல்லை, ஆசீர்வாதம் என்று வாயால் எதுவும் சொல்லவும் இல்லை. "டிசம்பர்?" என்று கேட்டார், பாடுகிறேன் என்றேன். "அப்போ கல்யாணி இன்னும் சரியா உட்காரலை, நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மறுநாள் போனேன், கல்யாணி ராகத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டு வாங்கினேன்.

கணக்குப்பிள்ளை சார், அப்பா பற்றி நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் சரி. தாத்தாவிடமே கேட்டேன், அப்பாவுக்கு ஏன் தரவில்லை, எனக்கு மட்டும் ஏன் தருகிறீர்கள் என்று. "அவனுக்குச் சோறு வேணும். உனக்கு அவன் போடுறான்" என்றார். இதை அப்பாவிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை. தை மாதம் ஊருக்குப் போகிறேன், அதற்குள் சொல்லியாகவேண்டும்.

இணுவில் அண்ணா, தவில்காரர் காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அப்பாவிடம் கற்றவர்தானாம், நம்பர் வாங்கியிருக்கிறேன்.

சீவாளி அண்ணா, பரணில் இருந்தது திமிரி. உலவு (குழல் உடம்பு) நன்றாக இருக்கிறது, அணைசுதான் (கீழே விரிந்த வாய்) கழன்று ஆடுகிறது. பாரி ஒன்றும் இருந்ததாம், அப்பாவின் படிப்புக்காக விற்றுவிட்டாராம். திமிரியில் ஆரம்பிக்கலாமா?

சீவாளி எழுதியது:

தாராளமாக ஆரம்பி. குட்டையாக இருப்பதால் விரலும் எட்டும், சுருதியும் மேலே இருக்கும், உன் காதுக்கும் அவ்வளவு அந்நியமாக இருக்காது. ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து நீளக் குழல் செய்து புழக்கத்துக்குக் கொண்டுவரும்வரைக்கும் எல்லாரும் திமிரிதானே வாசித்தார்கள். அந்த மல்லாரிகள் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் அதில்தான் வாசிக்கப்பட்டிருக்கும்.

திமிரிக்குச் சீவாளி அளவு வேறு, பாரி சீவாளியை வாங்கிப் பொருத்திவிட்டு ஊத வரவில்லை என்று அழாதே. அணைசைப் பாத்திரக்கடையில் கொடுத்துப் பற்றவைக்காதே, மரம் கருகிவிடும், ஆசாரியிடமே எடுத்துக்கொண்டு போ. திருப்பூர்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணு, தைக்கு லீவு சொல்ல அவருக்கும் நாள் வேண்டும். ஒரு முக்கியமான விஷயம், சென்னையில் அடுக்குமாடியில் வைத்து மட்டும் ஊதிப் பார்த்துவிடாதே. என் மச்சான் ஆவடியில் அதைச் செய்து, அசோசியேஷன் கூட்டத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.