'தொடரவும்' தட்டினால் அது சம்மதமா?

பெரம்பூர்வாசி:
அம்மா போனில் ஒரு சமூக ஊடகச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வேலையாகப் போனில் உள்ள எண்களையெல்லாம் கேட்டது. திரை அகலத்துக்கு நீலத்தில் 'தொடரவும்'. அதன் கீழே வெளிர்சாம்பலில், பொடி எழுத்தில் 'இப்போது வேண்டாம்'. கண்புரை உள்ளவருக்கு அது எப்படித் தெரியும்? தெரியக்கூடாது என்றுதானே அப்படி வைத்திருக்கிறார்கள்?

ஓஎம்ஆர் டிசைனர்:
நான் இதே தொழிலில் இருக்கிறேன் சார். இரண்டு பொத்தானும் ஒரே மாதிரி இருந்தால் வயதானவர்கள்தான் முதலில் தடுமாறுவார்கள். காசு வாங்காத சேவை. எண்களைக் கொடுத்தால்தான் பழைய சிநேகிதர்கள் கிடைப்பார்கள். பிடிக்கவில்லையா, செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடலாம்.

பெரம்பூர்வாசி:
கொடுக்க ஒரு தட்டு. நிறுத்த எத்தனை மெனு? பிரான்சில் குக்கீயை, அதாவது நம் இணைய நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் சிறு கோப்பை, ஏற்பதைச் சுலபமாக்கி, மறுப்பதைச் சுற்றவிட்டதற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது.

ஓஎம்ஆர் டிசைனர்:
அதற்கான விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள்.

பெரம்பூர்வாசி:
சரி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்ததே? ஒன்றைப் பளிச்சென்று காட்டி இன்னொன்றை மங்கவைப்பதும் அதில் இருக்கிறது.

தாம்பரம் தோழி:
இரண்டு பேரும் அம்மாவின் சம்மதத்தையே பேசுகிறீர்கள். அந்தப் போனில் எண் உள்ள மற்றவர்களை யார் கேட்டது? வீட்டு வேலைக்கு வருபவர், சிலிண்டர் போடுகிற அண்ணன், டாக்டர் எல்லாருமே அதில் இருப்பார்கள். கணவனின் அடிதாங்காமல் வெளியேறிய பெண்களோடு நான் வேலை செய்கிறேன். அவர்கள் எண்ணை மாற்றி, புதுக் கணக்கு தொடங்குவார்கள். சொந்தத்தில் யாரோ ஒரு சித்தி நீலப் பொத்தானைத் தட்டினால் போதும், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அந்தப் பெண்ணின் கணக்கு அவளுடைய புகுந்த வீட்டுக்காரர்களின் திரையில் வந்து நிற்கக்கூடும். அவள் எதையுமே தட்டவில்லை.

ஓஎம்ஆர் டிசைனர்:
அது கனமான விஷயம்தான் மேடம். ஆனால் அதற்காக எண்களையே கேட்கக்கூடாது என்றால் ஆளைத் தேடுகிற வசதியே போய்விடும்.

தாம்பரம் தோழி:
ஏன் போகணும்? ஐபோனில் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 18 வந்ததிலிருந்து, வேண்டிய நாலு பேர் எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அந்த வழியை உங்கள் செயலியின் முதல் திரையிலேயே, அதே நீலத்தில், அதே அளவில் வையுங்கள்.