ஃப்ரிப் – ஈனோ பாணி இரண்டு டெக் டேப் லூப்: நாலாவது சுற்றிலேயே சேறாகிவிடுகிறது, எங்கே தப்பு?

இரட்டை_டெக்:

கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் 1973இல் வெளியிட்ட ‘நோ புஸிஃபூட்டிங்’ ஆல்பத்தின் ஃப்ரிப்பர்ட்ரானிக்ஸ் முறையை (வாசித்தது டேப்பில் சுற்றிச் சுற்றி வந்து அடுக்காகும் முறை) கம்ப்யூட்டர் இல்லாமல் டேப்பிலேயே அமைக்க முயற்சி. இப்போதைய அமைப்பு:

ரெவாக்ஸ் ஏ77 டேப் ரெக்கார்டர் இரண்டு, வெவ்வேறு காலத்து மாடல்கள், இரண்டும் ஹாஃப் ட்ராக். வேகம் விநாடிக்கு 19 செ.மீ. இடது டெக்கில் (அ) ரெக்கார்டிங், வலது டெக்கில் (ஆ) பிளேபேக். டேப் அ-வின் ரீலிலிருந்து கிளம்பி, இரண்டு டெக்கின் ஹெட்களையும் கடந்து ஆ-வின் டேக்-அப் ரீலில் சுற்றுகிறது. ஹெட்டுக்கு ஹெட் 1.2 மீட்டர், அதாவது 6.3 விநாடி. ஆ-வின் அவுட்புட் மிக்சர் வழியாக மறுபடி அ-வுக்குப் போகிறது. ரிட்டர்ன் ஃபேடர் 0-வில் (கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை). கிட்டார், ஃபஸ் பெடல், மிக்சர். வேறொன்றும் இல்லை.

தொல்லைகள் மூன்று. ஒன்று, மூன்று நாலு சுற்றுக்குள் எல்லாம் அடித்தொண்டை முனகலாகி, என்ன சுரம் என்றே தெரிவதில்லை. இரண்டு, யாரும் வாசிக்காவிட்டாலும் ஹம் தானாக வளர்கிறது. மூன்று, கால் மணி நேரம் ஓடினால் நடுவில் டேப் தொட்டில் மாதிரி தொங்குகிறது.

பேசாமல் லேப்டாப்பில் செய்துவிடலாமா?

மந்தரம்:

டேப்பிலேயே செய்யலாம், விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு தொல்லையும் ஒன்றேதான். லூப்பில் உள்ள ஒவ்வொரு சின்னக் கோணலும் சுற்றுக்குச் சுற்று வட்டிக்கு வட்டி போட்டு வளரும். 1 டெசிபல் தப்பு பத்தாவது சுற்றில் 10 டெசிபல். ஃபேடர் 0-வில் இருப்பதால் நடு அலைவரிசையில் லூப் அப்படியே நிற்கிறது. பேஸ் பகுதியில் எங்கோ ஒரு சுற்றின் பெருக்கம் 1-ஐத் தாண்டுகிறது. தாண்டுகிற இடம் எதுவோ அது மட்டும்தான் கடைசியில் மிஞ்சும்.

அதைக் காதால் தேடாதீர்கள், அளந்துவிடுங்கள். டோன் ஜெனரேட்டரில் (போன் ஆப் போதும்) 50, 100, 1,000, 5,000, 10,000 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றையும் 2 விநாடி அ-வுக்கு அனுப்பி, உடனே அந்த இன்புட்டை மூடிவிட்டு, 6.3 விநாடிக்கு ஒரு தரம் மீட்டரில் என்ன வருகிறது என்று நாலு சுற்றுக்கு எழுதுங்கள். எந்த வரிசை ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி.

பொதுவாக மாட்டுகிறவை இவை:

பிளேபேக் ஹெட்டுக்கே அடி அலைவரிசையில் ஒரு மேடு உண்டு. அதற்கு ரிட்டர்ன் பாதையில் 80–100 ஹெர்ட்ஸில் லோ-கட் (அடி ஒலியைக் குறைக்கும் ஃபில்ட்டர்). கிட்டார் சேனலில் போட்டால் பிரயோஜனமில்லை, ஒரே ஒரு முறைதான் வெட்டும். ரிட்டர்னில் போட்டது சுற்றுக்கு ஒரு முறை வெட்டும். அதனாலேயே அங்கே கை அடக்கமாக இருக்க வேண்டும்: 2 டெசிபல் போதும். 6 வெட்டினால் மூன்றாவது சுற்றில் தகர டப்பா சத்தம்.

அசிமுத், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கிற கோணம். அ எழுதுகிற கோணமும் ஆ படிக்கிற கோணமும் ஒத்துப்போகாவிட்டால் மேல் அலைவரிசை ஒவ்வொரு சுற்றிலும் உதிரும். அ-வில் 10,000 ஹெர்ட்ஸ் பதிவாகிக்கொண்டே இருக்க, ஆ-வின் பிளேபேக் ஹெட் ஸ்க்ரூவை மீட்டர் உச்சத்துக்கு வரும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். திருப்பும் முன் ஸ்க்ரூ தலையில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பழைய இடம் தெரியாமல் போனால் பிறகு அழுகைதான். பக்கத்திலேயே போலி உச்சங்களும் உண்டு, ஆகவே முதலில் 1,000இல் பிடித்துவிட்டு அப்புறம் 10,000.

மானிட்டர். அ-வின் அவுட்புட் மிக்சரில் செருகியே இருந்தால் கழற்றுங்கள். அது ‘டேப்’ நிலையில் இருந்தால் அதன் சொந்த பிளேபேக் ஹெட் வழியாக ஒரு குட்டி எக்கோவும் லூப்புக்குள் நுழைந்துவிடும்.

கடைசியாக, முக்கியமானது: இரண்டு டெக்கும் ஒரே ஈக்வலைசேஷனா? எழுதும்போதும் படிக்கும்போதும் எந்த அலைவரிசையை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்ற தரம் அது. ஏ77இல் என்ஏபி என்ற தரமும் உண்டு, ஐஈசி என்ற தரமும் உண்டு. மாடல் வேறு என்கிறீர்கள், எனக்கு இங்கேதான் சந்தேகம். என்ஏபியில் எழுதி ஐஈசியில் படித்தால் 50 ஹெர்ட்ஸ் சுற்றுக்கு 3 டெசிபல் ஏறும். 50 ஹெர்ட்ஸ் என்றால் கரண்ட் கம்பியின் ஹம்தான். வேறு விளக்கமே தேவைப்படாது.

சுருள்நாடா:

மூணாவது தொல்லைக்கு நான் வர்றேன்.

ரெண்டு டெக்லயும் கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கிற சுழல் தண்டு) இழுக்குது. ரெண்டு மோட்டரும் அச்சு அசலா ஒரே வேகத்துல ஓடாது. வித்தியாசம் 0.1 சதவீதம்னு வைங்க: விநாடிக்கு 0.19 மி.மீ. 20 நிமிஷத்துல 23 செ.மீ. டேப் நடுவுல சேரும். உங்க தொட்டில் இதுதான். ரிப்பேர் ஒண்ணும் இல்ல, கணக்கு.

வழி: எந்த டெக் கொஞ்சம் வேகமோ அதை வலப்பக்கம் வைங்க. தொங்கல் போயிடும், டேப் விறைப்பா நிக்கும். ஆனா ரொம்ப விறைச்சா ஆ-வோட பிஞ்ச் ரோலர்ல (டேப்பை கேப்ஸ்டனோட அழுத்துற ரப்பர் உருளை) வழுக்க ஆரம்பிக்கும், நீள சுரத்துல நடுக்கம் கேட்கும். அப்படிக் கேட்டா, நடுவுல லேசான பிளாஸ்டிக் உருளை ஒண்ணை டேப் மேல தொங்கவிட்டு, ஆரம்பத்துலயே ஒரு சாண் தளர்வு குடுத்துடுங்க. ஓட ஓட உருளை மேல ஏறும், டிலேயும் கூடவே குறையும். 23 செ.மீ. குறைஞ்சா 1.2 விநாடி போச்சு. சுரம் நீண்டுகிட்டே இருக்கிற டிரோன் மியூசிக்ல இதை யாரும் எண்ணிக்கிட்டு இருக்கப் போறதில்ல.

மத்ததெல்லாம் சில்லறை வேலை. ரெண்டு டெக்கும் ஒரே பலகை மேல, ஒரே மட்டத்துல இருக்கணும். ரசமட்டம் வச்சுப் பாருங்க. 2 மி.மீ. ஏத்த இறக்கம் இருந்தாலே டேப் ஓரம் கைடுல தேஞ்சு சுருளும். டேப்பைக் கொஞ்சமும் முறுக்காம கோத்துடுங்க, இல்லேன்னா பின்பக்கம் ஹெட்ல உரசும், வெறும் மொணமொணப்புதான் வரும். ஏ77இல் டேப் முடிஞ்சா நிறுத்துற விளக்கு-சென்சார் இருக்கு, ரெண்டு டெக்லயும் டேப் அது வழியாவே போகணும். இல்லேன்னா பிளேயை அழுத்தினதும் நின்னுடும். ஆ-வில் ரெக்கார்ட் பட்டன் பக்கமே கை போக வேண்டாம், எரேஸ் ஹெட் லூப்பையே தின்னுடும்.

டேப் அளவு: 21 நிமிஷத்துக்கு இந்த வேகத்துல 240 மீட்டர். 7 அங்குல ரீல்ல 366 மீட்டர் (1,200 அடி) வரும், தாராளம். 1970–80கள்ல வந்த பின்பூச்சு டேப்பு வேண்டாம். பசையா ஹெட்ல ஒட்டும். இப்ப புதுசா ஆர்டிஎம் கம்பெனி போடுற டேப்பே கிடைக்குது.

சைபர்_டெசிபல்:

லேப்டாப் கேள்விக்கு. பியூர் டேட்டா (பாக்ஸ்களைக் கோத்து ஒலி செய்யும் சாஃப்ட்வேர்) இலவசம், அதில் பத்து பாக்ஸ் போதும். கடையில் கிடைக்கிற டிலே பிளக்-இன்கள் பல சில விநாடிகளோடு நின்றுவிடும், அதோடு லூப்புக்குள் கைவைக்கவும் விடாது.

டெல்ரைட்~ (டிலேயில் எழுதுகிற பாக்ஸ்) 8000 மி.விநாடி. வீடி~ (அதைப் படிக்கிற பாக்ஸ்) 6300-இல் படிக்கட்டும். படித்ததை ஹிப்~ 40 (அடியை வெட்டும்), லாப்~ 5400 (மேலே வெட்டும்) வழியாக விட்டு, 0.8-ஆல் பெருக்கி, புது இன்புட்டோடு கூட்டி, டான்எச் (உச்சத்தை மழுக்குகிற கணக்கு) வழியாக மறுபடி டெல்ரைட்~-க்கு. அவ்வளவுதான்.

லாப்~ 5400 அதிகமாகத் தெரியும், ஆனால் லாப்~ தன் எண்ணைவிட மேலேதான் 3 டெசிபல் வெட்டும். 3900 வைத்தால் 6,000 ஹெர்ட்ஸில் சுற்றுக்கு 3 டெசிபல் போகும், பத்துச் சுற்றில் 30. 5400 வைத்தால் அதே இடத்தில் சுற்றுக்கு ஏறக்குறைய 1 டெசிபல். டேப் மங்குகிற மாதிரி மெல்ல மங்கும். டேப்பின் ஆட்டத்துக்கு ஆஸ்க்~ 0.5-ஐ (0.5 ஹெர்ட்ஸ் அலை) 0.3-ஆல் பெருக்கி 6300-உடன் கூட்டி வீடி~-க்குக் கொடுங்கள், சுருதி 0.1 சதவீதம் ஆடும். இதை விட்டுவிட்டால் ஒரே சுரம் அடுக்கும்போது அலைகள் அச்சாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து 5 மடங்குவரை, அதாவது 14 டெசிபல்வரை வீங்கலாம். சற்றே விலகி அடுக்கினால் 4, 5 டெசிபல்தான். டேப்பில் அந்தக் காவல் தானாகவே கிடைக்கிறது.

எத்தனை நேரம் நிற்கும் என்பதற்கு: சுற்றுக்கு 3 டெசிபல் குறைந்தால் 60 டெசிபல் இறங்க 20 சுற்று, 126 விநாடி. 1 டெசிபல் என்றால் 60 சுற்று, ஆறு நிமிடத்துக்கு மேல். உங்கள் ஃபேடர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடினாலே போதும்.

மந்தரம்:

ஒரு திருத்தம், வேலைக்கும் உதவும். ஃப்ரிப்பர்ட்ரானிக்ஸ் என்ற பெயர் 1970களின் கடைசியில்தான் வந்தது. அந்த ஆல்பத்தின் ‘தி ஹெவன்லி மியூசிக் கார்ப்பரேஷன்’ பதிவானது 1972 செப்டம்பர் 8, லண்டனில் ஈனோவின் வீட்டு ஸ்டூடியோவில். டெக் அமைப்பு ஈனோவுடையது. அதற்கும் முன்பே 1963இல் பாரிஸில், பிரெஞ்சு வானொலி ஸ்டூடியோவில், அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலிக்காக இரண்டு டெக்குக்கு நடுவே டேப் கட்டியிருக்கிறார்கள். இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் 1960களில் நீண்ட டேப் டிலேயில் வேலை செய்தவர். படம் பார்த்துக் கட்ட வேண்டுமென்றால் ஈனோவின் ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ (1975) பின்னட்டையில் முழு வரைபடமே இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 1972 பதிவு இரண்டு டேக். முதலில் லூப் படுகை. அதன் மேல் தனியாக வாசித்த சோலோ லூப்புக்குள் போகவே இல்லை. நீங்கள் வாசிக்கிற எல்லாவற்றையும் லூப்புக்குள் தள்ளினால், டேப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சேறுதான். மிக்சரில் கிட்டாருக்கு இரண்டு வழி வையுங்கள்: ஒன்று நேராக ஸ்பீக்கருக்கு, இன்னொன்று ஆக்ஸ் சென்ட் (மிக்சரின் தனி அளவுக் குமிழுள்ள கூடுதல் அவுட்புட்) வழியாக அ-வுக்கு. அந்த ஆக்ஸ் குமிழும் ரிட்டர்ன் ஃபேடரும் கிட்டார்காரர் கையில் இருக்கவே கூடாது. இது இரண்டு பேர் வாத்தியம். ஒருவர் வாசிக்கிறார், எது தங்க வேண்டும் எது கரைய வேண்டும் என்று மற்றவர் வாசிக்கிறார்.

வால்யூம் பெடலும் தேவை, ஃபஸ்ஸுக்குப் பிறகு. மீட்டின அடி கேட்கக் கூடாது, சுரம் ஒன்றரை இரண்டு விநாடியில் ஊறி வந்து அப்படியே வடிய வேண்டும். அடி கேட்டால் 6.3 விநாடிக்கு ஒரு தரம் கதவு தட்டுகிற மாதிரி வரும். 1973 டிசம்பரில் அறிவிப்பாளர் ஜான் பீல் பிபிசி வானொலியில் இந்த ஆல்பத்தைத் தலைகீழாக ஓட்டிவிட்டார், அது ஒலிபரப்பாகியும் விட்டது. சுரம் வருவதும் போவதும் ஒரே சாய்வில் இருந்தால் முன்னும் பின்னும் ஒன்றுதானே. 2008 மறுபதிப்பில் அந்தத் தலைகீழ் வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

கிட்டார் மீட்டரில் −10-ஐத் தாண்ட வேண்டாம். அடுக்கு ஏற இடம் வேண்டும்.

இரட்டை_டெக்:

அளந்தாயிற்று. ஃபேடர் 0-வில், ஒரு சுற்றுக்கு: 50 ஹெர்ட்ஸ் +3, 100 ஹெர்ட்ஸ் +1, 1,000 ஹெர்ட்ஸ் 0. அசிமுத் சரிசெய்தபின் 5,000 ஹெர்ட்ஸ் +2, 10,000 ஹெர்ட்ஸ் +2.5 சுமார். அ என்ஏபி, ஆ ஐஈசி. மந்தரம் சொன்னதேதான். டெக்கின் சர்க்யூட் போர்டை மாற்றாமல் தப்ப வழி உண்டா?

மந்தரம்:

உண்டு, ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். இரண்டு டெக்கையும் இடம் மாற்றி வையுங்கள்.

ஐஈசி இடப்பக்கம் எழுதட்டும், என்ஏபி வலப்பக்கம் படிக்கட்டும். இதே எண்கள் அப்படியே தலைகீழாகும்: 50 ஹெர்ட்ஸ் சுற்றுக்கு −3, 100 ஹெர்ட்ஸ் −1, 10,000 ஹெர்ட்ஸ் −2.5. ஹம் வளராது, கீழே தனியாக லோ-கட்டும் வேண்டாம். மேலே மட்டும் கொஞ்சம் வேகமாக இருட்டும், ஐந்து சுற்றில் 12 டெசிபல். அதற்கு ரிட்டர்னில் ஹை-ஷெல்ஃப் (மேல் அலைவரிசை முழுவதையும் ஏற்றும் குமிழ்) 1.5 டெசிபல் ஏற்றினால் ஐந்து சுற்றில் 5 டெசிபல்தான் போகும். வலப்பக்கம் வந்த டெக்கில் அசிமுத்தை மறுபடி பிடிக்க வேண்டும், ஏனென்றால் இப்போது படிக்கிற ஹெட் வேறு. ஃபேடரை −1.5-இல் தொடங்குங்கள்.

சுருள்நாடா:

இடம் மாத்தினதும் எது வேகமான டெக்னு மறுபடி பாருங்க. வேகமானது இடப்பக்கம் வந்துட்டா தொட்டில் திரும்ப கட்டிக்கும். அப்ப உருளையை மறக்காதீங்க, அது இறங்கி மேசையைத் தொடாத உயரத்துல டெக்கை வைங்க. 23 செ.மீ. தளர்வுக்கு உருளை 30 செ.மீ.க்கு மேல கூட இறங்கும், 40 செ.மீ. இடம் விட்டா கவலையில்ல.