பொணங்க எழுந்து நடக்குற ஜாம்பி படங்கள் எடுத்த இயக்குநர் ரொமேரோ. அவர் படங்கள்ல உங்களை இன்னும் விடாத காட்சி எது?

கடைசிவரிசை:
இன்னைக்கு ஜூலை 16. 2017ல ஜார்ஜ் ரொமேரோ டொராண்டோவுல இறந்த நாள். எனக்கு அந்த 1968 கறுப்பு வெள்ளைப் படம், 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'தான். ஹாஸ்டல்ல ஒரே கம்ப்யூட்டர், சுத்தி ஆறு பேர். பொணங்க சூழ்ந்த வீட்டுக்குள்ள ஹீரோ பென் ராத்திரி முழுக்கப் பலகை அடிச்சு, கடைசியில நிலவறையில ஒத்தையா உயிரோட இருக்கான். விடியுது. நாய் குரைக்குது, ஆளுங்க வந்துட்டாங்க. 'அப்பாடா'ன்னு நான் எழுந்தே நின்னுட்டேன். ஒரே குண்டு, நெத்தியில. சுட்டது பொணம் இல்ல, மனுசன். அப்புறம் கொக்கியோட ஆளுங்க நிக்கிற போட்டோக்கள் ஒவ்வொண்ணா வந்துச்சு. ரூம்ல யாரும் பேசல.

ராத்திரிஷிப்ட்:
எனக்கு அதே படத்துல அந்தச் சின்னப்பொண்ணு. செத்து எழுந்து, கொத்தனார் கரண்டியை எடுத்துக்கிட்டு அம்மாகிட்ட வருமே, அது. நான் பார்த்தப்ப பக்கத்து ரூம்ல என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தா. படத்தை நிறுத்திட்டுப் போய் நெத்தியைத் தொட்டேன், கொதிச்சுது. "அப்பா"ன்னு கண்ணைத் திறந்தா. ஒரு நொடி கையை எடுத்துட்டேன். அவளுக்கு இப்ப கல்யாண வயசு, அந்தக் கையை இன்னும் நினைச்சுக்கிறேன். மத்தபடி மெதுவா நடக்குற பொணத்துக்கு என்ன பயம்? இப்ப வர்ற படங்கள் மாதிரி ஓடி வரணும்.

பிட்ஸ்பர்க்வாசி:
அண்ணா, அந்தக் கடைசி வரியை ஒத்துக்கவே மாட்டேன். மெதுவா வர்றதாலதான் 'இன்னும் நேரம் இருக்கு'ன்னு உள்ள இருக்கவங்க மேலயா, நிலவறையான்னு சண்டை போடுறாங்க. அந்தச் சண்டைதான் அவங்களைக் கொல்லுது. வேணவே வேணாம்னு பென் சொன்ன நிலவறைதான் கடைசியில அவனைக் காப்பாத்துது. ஓடி வந்தா இதுக்கெல்லாம் ஏது நேரம்?

என் கதை சின்னது. பிட்ஸ்பர்க் பக்கத்துல பென் ஹில்ஸ்ங்கிற ஊர் வெங்கடேஸ்வரா கோயில்ல தரிசனம் முடிச்சு, பக்கத்துல இருக்க மன்றோவில் மாலுக்குப் போவோம். ரொமேரோவோட 1978 படம் 'டான் ஆஃப் தி டெட்'டை ராத்திரி கடை மூடுன பிறகு எடுத்தது அங்கதான். ஒருநாள் எஸ்கலேட்டர் பக்கத்துல வயசான ஒருத்தர், கையில பையே இல்லாம, ஒவ்வொரு கண்ணாடி முன்னாடியும் நின்னு நின்னு போனார். இந்தப் பொணங்க ஏன் இந்த மாலுக்கு வருதுன்னு படத்துல கேப்பாங்க, பழைய ஞாபகம்னு பதில் வரும். எனக்கும் அன்னைக்கு வாங்க ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமைன்னா கால் தன்னால அங்க போயிடும்.

படச்சுருள்:
அந்த 1968 படத்தை நான் பார்த்தது மங்கலான பிரின்ட்ல, பாதி முகம் தெரியல. புதுசா பார்க்கப் போறவங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. படத்துக்குப் பேர் மாத்துனப்ப திரையில வர வேண்டிய காப்புரிமை அறிவிப்பு விட்டுப்போச்சு. அதனால யார் வேணா காப்பி போட்டு வித்தாங்க, ரொமேரோ குழுவுக்குச் சேர வேண்டிய பணமும் போச்சு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சேர்ந்து சீரமைச்ச பிரதி 2016ல வந்துச்சு, அதையே தேடுங்க. கலர் ஏத்துன பிரதி வேண்டவே வேண்டாம். படத்துல ரத்தமா ஊத்துனது சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையிலதான் அது ரத்தம். விளக்கை அணைங்க, போனைத் தள்ளி வைங்க. ராத்திரிஷிப்ட் அண்ணா, குழந்தை தூங்குற வீட்ல சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கங்க.

ராத்திரிஷிப்ட்:
தம்பி, சத்தம் குறைவாத்தான் இருந்துச்சு. அதனாலதான் அவ கூப்பிட்டது கேட்டுச்சு.

கடைசிவரிசை:
என் முடிவுக்கே திரும்பி வர்றேன். பென்னா நடிச்ச டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். நல்லா நடிச்சார்னுதான் எடுத்தோம், நிறத்தைப் பார்த்து எழுதலைன்னு ரொமேரோ சொல்லிக்கிட்டே இருந்தார். முடிச்ச படத்தை கார் டிக்கியில போட்டு நியூயார்க் போற வழியிலதான் ரேடியோவுல மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட செய்தியைக் கேட்டிருக்காங்க. இதைப் படிச்ச ராத்திரி அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். நாய் குரைக்கிற இடத்துல நிறுத்திட்டேன்.