வெளிநாட்டுக் காசோலை: வரவு வைத்த நாளா, பணம் உறுதியான நாளா?

கேள்வி: குடிபெயர்ந்தவள்

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தம் சென்ற ஆண்டு அமெரிக்காவை விட்டு வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தேன். பழைய முகவரிக்குச் சென்று, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அஞ்சலில் மூன்று டாலர் காசோலைகள் சேர்ந்தாற்போல் இப்போது கைக்கு வந்திருக்கின்றன. முதலாவது, வருமான வரியில் மிகுதியாகப் பிடித்த தொகைக்காக அமெரிக்கக் கருவூலம் அனுப்பியது. இரண்டாவது, வீட்டு உரிமையாளர் திருப்பித் தந்த வாடகை முன்பணம். அதில் என் பெயரோடு என்னுடன் தங்கியிருந்த தோழியின் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, காப்பீட்டுத் தவணையில் எஞ்சிய மிகச் சிறிய தொகை.

இங்கு என் கணக்கு உள்ள வங்கியின் ஒரு கிளையில், வசூலுக்கு அனுப்புவதாகவும் பணம் வரச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார்கள். அதே வங்கியின் இன்னொரு கிளையில், கட்டணம் பிடித்துக்கொண்டு உடனடியாக உள்ளூர் நாணயத்தில் வரவு வைத்துவிடுவதாகச் சொன்னார்கள். இரண்டாவது கிளையே நல்லது என்று தோன்றினாலும், ஒரே வங்கி இரண்டு விதமாகப் பேசுவதால் தயக்கமாக இருக்கிறது. அமெரிக்காவில் என் பழைய வங்கிக் கணக்கை இன்னும் மூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவை போக, பயணங்களில் மிஞ்சிய டாலர் தாள்களும், பிரிட்டனின் பழைய காகித 20 பவுண்டு தாள்கள் சிலவும், இரண்டு நாட்டு நாணயங்களும் ஒரு பையில் கிடக்கின்றன. இவற்றை எங்கே மாற்றினால் இழப்பு குறையும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கியாளர்

வணக்கம் அம்மா. இரண்டு கிளைகளும் சொன்னது உண்மைதான்; அவை இரண்டு வெவ்வேறு சேவைகள். வசூல் முறையில், உங்கள் வங்கி காசோலையை அது எந்த வங்கியின் மீது எழுதப்பட்டதோ அந்த வங்கிக்கு அனுப்பி, அங்கே பணம் கிடைத்த பிறகுதான் உங்களுக்கு வரவு வைக்கும். தாமதமாகும், இரு பக்கமும் கட்டணம் பிடிப்பார்கள், ஆனால் வந்த பணம் பெரும்பாலும் வந்ததுதான். உடனடி வரவு முறையில், வங்கி தன் பணத்தை உங்களுக்கு முன்கூட்டித் தருகிறது. காசோலை பின்னால் திரும்பிவிட்டால் அந்தத் தொகையை உங்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்கிறது. நீங்கள் கையெழுத்திடும் படிவத்தில் இது எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். கணக்கில் தொகை தெரிகிறது என்பதற்கும் காசோலைக்குப் பணம் கிடைத்துவிட்டது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை முப்பது ஆண்டுகள் முகப்பில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். இன்றும் அதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உங்கள் நிலையில் இரண்டுமே வேண்டாம் என்பேன். அமெரிக்க வங்கியின் மீது எழுதப்பட்ட டாலர் காசோலைக்கு மிக மலிவான வழி அமெரிக்கக் கணக்குத்தான். அங்கே அது வெளிநாட்டுக் காசோலை ஆகாது. அடியில் காந்த மையில் அச்சிட்ட, எந்த வங்கியின் காசோலை என்று காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணைக் கொண்டு இயந்திரமே வழிகாட்டி அனுப்பிவிடும். 2004 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி அங்குள்ள வங்கிகள் மூலக் காசோலைக்குப் பதிலாக அதன் படிமத்திலிருந்து அச்சிட்ட மாற்றுக் காசோலையை ஏற்றாக வேண்டும்; இன்று பெரும்பாலும் வங்கிகளுக்கிடையே படிமங்கள்தான் பயணம் செய்கின்றன, காகிதம் விமானம் ஏறுவதில்லை. கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துச் செலுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அதைத் தடுத்திருக்கும் வங்கிகளும் உண்டு. அப்படியானால் அஞ்சலில் காசோலை ஏற்கிறார்களா என்று கேளுங்கள். ஏற்றால், பின்புறம் கையெழுத்திட்டு, கணக்கில் வரவு வைப்பதற்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, கணக்கு எண்ணையும் குறித்துப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். வெறும் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை வழியில் தொலைந்தால், எடுத்தவர் கையில் அது ஏறக்குறைய ரொக்கம்.

இப்போது ஒவ்வொன்றாக. கருவூலக் காசோலை வழங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டு செல்லும். மற்ற இரண்டுக்கும் காலம் குறைவு: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சாதாரணக் காசோலைக்குப் பணம் தர வேண்டிய கடமை அமெரிக்க வங்கிக்கு இல்லை. விரும்பினால் தரலாம், மறுத்தால் கேட்க முடியாது. ஆகவே தேதிகளை இன்றே பாருங்கள். பார்க்கும்போது அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 03/04 என்பது அவர்களுக்கு மார்ச் 4, உங்கள் புதிய ஊர் வங்கி அலுவலருக்கு ஏப்ரல் 3 ஆக இருக்கலாம்.

வாடகை முன்பணக் காசோலையில் உங்கள் இருவரின் பெயர்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். "அண்ட்" (and, மற்றும்) என்று இருந்தால் இருவரும் பின்புறம் கையெழுத்திட வேண்டும். "ஆர்" (or, அல்லது) என்று இருந்தால் ஒருவர் போதும். இரண்டும் இல்லாமல் எது என்று தெளிவில்லாதபடி எழுதியிருந்தால், அமெரிக்கச் சட்டம் அதை "ஆர்" என்றே கொள்கிறது. ஆயினும் முகப்பில் இருப்பவர் அதை ஏற்கத் தயங்குவது உண்டு. தோழி வேறு நாட்டில் இருந்தால், காசோலையை ஊர் ஊராக அனுப்பிக் கையெழுத்து வாங்குவதைவிட, வீட்டு உரிமையாளரிடம் இதை ரத்துசெய்து இருவருக்கும் தனித்தனியே மின்வழியில் அனுப்பச் சொல்வதே நல்லது.

பதில்: திரும்பிய காசோலை

என் புனைபெயரே என் கதையைச் சொல்லும். நான் உடனடி வரவு முறையைத் தேர்ந்தெடுத்தவன். முன்னாள் வேலை தந்தவர் அனுப்பிய காசோலை மூன்றாம் நாளே உள்ளூர் நாணயத்தில் என் கணக்கில் வந்தது. அதைக் கொண்டு வாடகையும் கட்டினேன். ஏழாவது வாரத்தில், காசோலை எழுதப்பட்ட கணக்கு மூடப்பட்டுவிட்டதாகக் கூறி வங்கி முழுத் தொகையையும் திரும்ப எடுத்துக்கொண்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வரவு வைத்தபோது டாலரை வங்கி என்னிடமிருந்து வாங்கும் விலையில் கணக்கிட்டார்கள். திரும்ப எடுத்தபோது எனக்கு விற்கும் விலையில் கணக்கிட்டார்கள். இடையில் டாலரும் ஏறியிருந்தது. ஆக, ஒரு காசு கூட என் கையில் நிற்காத ஒரு பரிமாற்றத்துக்கு, திரும்பிய காசோலைக்கான கட்டணத்தோடு மாற்று விகித இழப்பையும் சேர்த்துச் செலுத்தினேன்.

இந்த இடைவெளியைத்தான் ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் ஒரு சொல். இணையத்தில் நாம் விற்கும் பொருளுக்கு விலையைவிட அதிகத் தொகைக்கு வெளிநாட்டுக் காசோலை அனுப்பி, மிகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். நம் கணக்கில் தொகை தெரிவதால் நாமும் நம்பி அனுப்புவோம். போலிக் காசோலை வாரங்கள் கழித்துத் திரும்பும். நாம் அனுப்பியது திரும்பாது. உங்கள் மூன்று காசோலைகளும் அந்த வகை அல்ல என்பது தெரிகிறது. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பதில்: நாணயப் பை

காசோலையைப் பற்றிப் பெரியவர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு மாறுபாடு, அதைக் கடைசியில் சொல்கிறேன். கைப்பணத்துக்கு வருவோம்.

பழைய காகித 20 பவுண்டு தாள் 2022 செப்டம்பர் 30 அன்றோடு கடைகளில் செல்லாததாகிவிட்டது; 50 பவுண்டு காகிதத் தாளும் அன்றே. பல நாணய மாற்றகங்கள் அவற்றைத் தொடவே மாட்டார்கள், தொட்டாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட தாள்களின் முகமதிப்பை எக்காலத்துக்கும் தரும்; அஞ்சலில் அனுப்பியும் மாற்றலாம். எல்லா நாடுகளும் இப்படி அல்ல. ஜெர்மனியின் மார்க்கை இன்றும் அந்நாட்டு மத்திய வங்கி காலவரம்பின்றி மாற்றித் தருகிறது. பிரெஞ்சு பிராங்குத் தாள்களுக்கு 2012 பிப்ரவரியோடு கதவு அடைத்தாயிற்று. டாலர் தாள் எந்த ஆண்டினதாக இருந்தாலும் அமெரிக்காவில் செல்லும். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே, சிறிய தலை உருவம் கொண்ட பழைய தாள்களையும் கிழிந்த, எழுதிய தாள்களையும் மாற்றகங்கள் தள்ளிவிடுவது வழக்கம். அவற்றை அமெரிக்கா செல்லும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நாணயங்களைப் பெரும்பாலான மாற்றகங்கள் வாங்குவதில்லை. அதற்காக அலைவதைவிட, அந்த நாட்டுக்குப் போகிற நண்பருக்குப் பேருந்துச் செலவுக்குக் கொடுப்பது நிம்மதி.

நல்ல தாள்களை மாற்றும்போது, கழிவுக் கட்டணம் இல்லை என்ற பலகையைக் கண்டு மயங்க வேண்டாம். கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கும். சந்தையின் நடுவிலை ஓர் அலகுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றகம் 94க்கு வாங்கி 106க்கு விற்றால், நீங்கள் விற்பதில் நூற்றுக்கு 6 போகிறது. அதையே மனம் மாறித் திரும்ப வாங்கினால், 94க்கு விற்றதற்கு 106 கொடுக்க வேண்டும்; இரண்டு முறையும் வெட்டு விழும். பக்கத்துக் கடை வெளிப்படையாக 1 கட்டணம் கேட்டு 98க்கு வாங்கினால் அதுவே மேல். கையில் கடைசியாக எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டு, அந்த எண்ணை நடுவிலையோடு ஒப்பிடுங்கள். விமான நிலைய மாற்றகம் வழியின்றிப் போகும்போது மட்டும். அட்டையைப் பயன்படுத்தும்போது, உங்கள் சொந்த நாணயத்தில் பிடிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கடை இருக்கும் நாட்டின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அங்கேயும் இதே வெட்டுதான் வேறு உருவில் வருகிறது.

என் மாறுபாடு காப்பீட்டுக் காசோலை பற்றி. தொகை அவ்வளவு சிறியது என்றால், செயலி வழியாகச் செலுத்த முடியாத நிலையில் பதிவு அஞ்சல் செலவே அதைத் தின்றுவிடாதா? விட்டுவிடுவது அறிவு என்று நினைக்கிறேன்.

குடிபெயர்ந்தவள்

அனைவருக்கும் மிக்க நன்றி. தேதிகளைப் பார்த்தேன். கருவூலக் காசோலைக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. முன்பணக் காசோலைக்கு ஆறு மாதம் முடிய மூன்றே வாரங்கள். இரண்டு பெயர்களுக்கும் இடையே "அண்ட்" என்றுதான் இருக்கிறது. உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். செயலி, அமெரிக்கக் கைப்பேசி எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கேட்டு நின்றுவிடுகிறது. வரித் தொகையை ரத்துசெய்து நேரடியாக இங்குள்ள கணக்குக்கு அனுப்பச் சொல்ல முடியுமா? டாலர் அங்கே சேர்ந்த பிறகு இங்கே கொண்டுவருவதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற வங்கியாளர்

வரித் தொகையை வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்ப மாட்டார்கள்; வரி அலுவலகத்தின் நேரடி வரவுக்கு அமெரிக்கக் கணக்கு வேண்டும். ஆகவே அந்தக் கணக்கை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். அரசு காகிதக் காசோலைகளைச் சட்டம் இடம்தரும் அளவுக்கு 2025 செப்டம்பர் 30க்குள் நிறுத்த வேண்டும் என்று அந்த ஆண்டு மார்ச்சில் ஆணையும் பிறந்துவிட்டதால், அடுத்த வரிப் படிவத்தில் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுவிடுங்கள். இப்போது கையில் இருப்பதை அஞ்சலில் அனுப்பலாம்; நான்கு மாதம் தாராளம். முதலில் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, குறியீடு மின்னஞ்சலுக்கு வரும்படி மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காப்பீட்டுக் காசோலையைக் கருவூலக் காசோலை போகும் அதே உறையில் வைத்தால் தனிச் செலவு இல்லை, ஆகவே நண்பரின் கவலை தீர்ந்தது. அப்படியே விட்டாலும் அது மறைந்துவிடாது. உரிய காலத்துக்குப் பின் கோரப்படாத சொத்தாக உங்கள் கடைசி முகவரி இருந்த மாநில அரசிடம் போய்ச் சேரும், பெரும்பாலான மாநிலங்களில் பிறகும் கேட்டு வாங்கலாம்.

பணத்தை இங்கே கொண்டுவரும்போது மூன்று காசோலைகளின் தொகையும் சேர்ந்த பிறகு ஒரே தவணையாக அனுப்புங்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் கட்டணம் உண்டு. வங்கிகள் நாடுவிட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியில் கட்டணத்தை யார் ஏற்பது என்று கேட்பார்கள். "ஷா" (SHA) என்றால் பகிர்வு: அனுப்பும் வங்கியின் கட்டணம் உங்களிடம் தனியே பிடிக்கப்படும், வழியில் உள்ள இடை வங்கிகள் அனுப்பும் தொகையிலேயே வெட்டிக்கொள்ளும். OUR என்ற ஆங்கிலக் குறி என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில். உங்கள் விஷயத்தில் அனுப்புபவரும் பெறுபவரும் நீங்களே என்பதால், கணக்கில் கடைசியாக எவ்வளவு சேரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். டாலராகவே அனுப்பினால் இங்குள்ள வங்கி தன் விலையில் மாற்றும். உள்ளூர் நாணயமாக அனுப்பினால் அங்குள்ள வங்கி தன் விலையில் மாற்றும். ஒரே நாளில் இரு வங்கிகளிடமும், பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றிடமும் விலை கேட்டு, எது நடுவிலைக்கு அருகில் இருக்கிறதோ அதன் வழியாக அனுப்புங்கள்.

குடிபெயர்ந்தவள்

உரிமையாளர் இன்று காலை பதில் எழுதினார். பழைய காசோலையை ரத்துசெய்துவிட்டு, என் பங்கை என் அமெரிக்கக் கணக்குக்கும் தோழியின் பங்கை அவள் கணக்குக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய காசோலையைக் கிழித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பணம் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு கிழிக்கிறேன் என்று பணிவாக எழுதியிருக்கிறேன்.