பெம்பர்டன் ஆலை: பிக்லோ ஒருவர்மேல் மட்டும் பழி போட்டது சரியா?

வார்ப்பிரும்பு:
அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரம். 1860 ஜனவரி 10, சாயங்காலம் ஐந்து மணி ஆகப்போகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் வேலையில் இருக்கும்போதே ஐந்து மாடிப் பருத்தி ஆலை மளமளவென்று சரிந்து தரைமட்டமானது. 1853-ல் கட்டியது, ஏழு வருஷம்தான் நின்றது. விசாரித்த ஜூரி, கட்டிய பொறியாளர் கேப்டன் சார்லஸ் பிக்லோவைக் குற்றம் சொன்னது. என்னைக் கேட்டால் நியாயமான முடிவு. மாடிகளைத் தாங்கியவை குழாய்போன்ற வார்ப்பிரும்புத் தூண்கள். வார்க்கும்போது குழாயின் உள்துளைக்காக நடுவில் வைத்த அச்சு (கோர்) நகர்ந்து, ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிசாகவும் வந்துவிட்டன. வெளியிலிருந்து தெரியாது. துளை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் கட்டடத் துறைதான். வந்த சரக்கைச் சோதிக்காமல் தூக்கி நிறுத்துவதை என்னால் மன்னிக்க முடியாது.

தறிக்காரர் மகள்:
அண்ணா, தூண் மட்டுமே காரணம் என்றால் அத்தனை வருஷம் எப்படித் தாங்கியது? 1857 பண நெருக்கடியில் ஆலை கைமாறியது. வாங்கிய ஹோவும் நெவின்ஸும் லாபத்துக்காக மேல்மாடிகளில் இயந்திரங்களை நெருக்கி அடைத்தார்கள். எங்கள் வீட்டில் நாலு தறி ஓடும், அதற்கே சுவர் அதிரும். மாடிக்கு மாடி அப்படி ஓடினால்? கனத்தை ஏற்றியவர்களை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் காட்டுவது என்ன நியாயம்?

வார்ப்பிரும்பு:
ஆலை என்றால் இயந்திரம் கூடத்தான் செய்யும் தங்கச்சி. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவதற்குத்தான் பொறியாளர்.

கரிசல்வாசி:
விழுந்ததைப் பற்றியே பேசுகிறீர்கள். அன்றிரவு பத்து மணிவாக்கில் மீட்புப் பணியில் ஒரு விளக்கு உடைந்து, எண்ணெய் ஊறிய பஞ்சில் தீப்பிடித்ததே! உயிரோடு சிக்கியிருந்தவர்கள் காப்பாற்ற வந்தவர்களின் கண்ணெதிரே வெந்தார்கள். இறந்தவர்கள் 88 என்றும் 145 வரை என்றும் கணக்கு. எனக்கு அந்த இரவுதான் நெஞ்சை அடைக்கிறது.

தறிக்காரர் மகள்:
செத்தவர்களில் பலர் பிழைக்க வந்த அயர்லாந்துப் பெண்கள், பிள்ளைகள். அதே இடத்தில் ஆலையைத் திரும்பக் கட்டினார்கள். யாருக்கும் தண்டனை இல்லை, பிக்லோவுக்கும் இல்லை. அப்புறம் அந்த ஜூரி முடிவால் யாருக்கு என்ன கிடைத்தது?

வார்ப்பிரும்பு:
அது உண்மை. ஹோ, நெவின்ஸ் பெயரையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பிக்லோ பெயரை அடிக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.