ஹெப்பாரினை உடைக்கும்போது அசிடைல் ஏன் திரும்ப ஏறுகிறது?

புதுச்சேரி மாணவி: ஹெப்பாரின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும்போது, அதிலுள்ள குளுக்கோசமைன் சர்க்கரையின் அசிடைல் தொகுதியைக் கழற்றி சல்பேட் வைக்கிறது செல். உடைக்கும்போது செல்லின் செரிமானப் பையான லைசோசோம் மறுபடி அசிடைல் ஏற்றுகிறதே, எதற்கு சார்?

கடலூர் உயிர்வேதியியல்: நல்ல கேள்விம்மா. சல்ஃபமிடேஸ் என்ற நொதி சல்பேட்டை எடுத்ததும் வெறும் அமினோ தொகுதி மிஞ்சும். அந்த நிலையில் அதை வெட்ட லைசோசோமில் நொதி கிடையாது. அசிடைல் ஏறினால்தான் அடுத்த நொதி வெட்டும். அசிடைலைத் தரும் அசிடைல் கோஎன்சைம்-ஏ வெளியே, செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் இருப்பதால், ஏற்றும் நொதி லைசோசோமின் சவ்விலேயே பதிந்திருக்கிறது. அது பழுதானால் சங்கிலி உடையாமல் தேங்கும்; அதுதான் சான்ஃபிலிப்போ நோயின் சி வகை.

பாகூர் வாசகர்: வரிசையையும் விடாதீங்க. சர்க்கரை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் கழலும். சங்கிலியின் இன்னொரு சர்க்கரையான இடுரோனேட்டின் 2-சல்பேட் எடுபடாவிட்டால் பின்னால் உள்ளதெல்லாம் தேங்கும். அதுதான் ஹன்டர் நோய்.

புதுச்சேரி மாணவி: சங்கிலி கட்டத் தொடங்குவது எங்கே சார்?

கடலூர் உயிர்வேதியியல்: மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்பு செல்லில், செர்கிளைசின் புரதத்தின் செரின் என்ற அமினோ அமிலத்தில். சைலோஸ், 2 கேலக்டோஸ், குளுக்குரோனிக் அமிலம், இதே வரிசை.