எஸ்பிளனேட் திறந்தவெளி அரங்கில் செல்டிக் நாட்டுப்புற இசை: எதைக் கவனித்துக் கேட்பது?

கேள்வி:
மிருதங்கம் பயிலும் என் மகளை, சிங்கப்பூரின் எஸ்பிளனேட் திறந்தவெளி அரங்கில் செல்டிக் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற பகுதிகளின்) பாணி நாட்டுப்புற இசைக்குழு ஒன்று வழங்கவிருக்கும் இலவச நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இவ்விசையைக் கேட்டுப் பழகாத நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1:
தாளத்திலிருந்து தொடங்குங்கள். 'ஜிக்' எனப்படும் நடனமெட்டில் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிவதால், திஸ்ர நடை பழகிய உங்கள் மகளுக்கு அது உடனே பிடிபடும். 'ரீல்' நான்கு நான்காக ஓடும். ஒரு மெட்டைச் சில முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான்.

மறுமொழி 2:
மேடைக்கு அருகிலேயே அமருங்கள். 'போரான்' என்னும் சட்டப்பறையை வாசிப்பவர், ஒரு கையால் குச்சியைச் சுழற்றி அடித்தபடியே, மறு கையை உட்புறம் வைத்து ஆட்டுத்தோலை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குவார். கஞ்சிராவிலும் தோலை அழுத்தி ஒலியை மாற்றும் இதைப் போன்ற நுட்பம் உண்டு என்பதால், அந்த உட்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அயர்லாந்தின் 'இல்லன் பைப்' என்னும் பைக்குழல் இருந்தால், வாயால் ஊதாமல் முழங்கையால் துருத்தியை இயக்கி வாசிப்பதையும் காணலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. திஸ்ரம் என்றதுமே மகள் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டாள். முன்வரிசையில் இடம் பிடிக்கச் சீக்கிரமே வந்துவிடுவோம்.